மதியம் பூட்டிக்கிடந்த பூங்கா

கிட்ட வந்து உட்காருங்க தம்பி. இன்னும் கொஞ்சம். அந்த ஓரத்தில் உட்கார்ந்தால் நான் கத்திப் பேசணும். கத்திப் பேசினால் அதோ, புங்க மரத்தடியில் இருக்கிற பொம்பளைங்க காதில் விழும். விழுந்தால் ராத்திரி எனக்குச் சோறு கிடைக்காது. அதில் ஒருத்தி என் மருமகள்.

என்ன கேட்டீங்க? இந்தப் பூங்கா மதியத்தில் பூட்டித்தானே இருக்கும், எப்போதிருந்து திறக்கிறாங்கன்னு கேட்டீங்க. இந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட முதல் ஆள் நீங்கதான். திறக்கிறதுக்கு முன்னாடியும் யாரும் என்னைக் கேட்கலை. திறந்த பிறகும் கேட்கலை. பூங்காவுக்கு வாட்ச்மேன் நான். சாவி என் இடுப்பில். ஆனா கேட்கலை.

என் பேர் கோதண்டன். காலையில் இங்கே நடக்க வர்றவங்க வெச்சிருக்கிற நடையர் சங்கத்துச் செக்ரட்டரி சார் மட்டும் கோபால்னு கூப்பிடுவார். கோபால்ங்கிறது எனக்கு முன்னாடி இருந்த வாட்ச்மேன். பேங்கில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் சார். ஆயிரம் ஜோலி. வாட்ச்மேன் மாறுகிறப்போ எல்லாம் ஒரு புதுப் பேரை மனசில் ஏத்திக்கிட்டு இருக்க முடியுமா? ஆனா ஒண்ணு, தினம் காலையில் என்னைப் பார்த்துத் தலையாட்டிட்டுத்தான் முதல் சுத்து நடப்பார். அந்த மரியாதை வேற யாரும் எனக்குக் கொடுத்ததில்லை.

இந்தப் பக்கம் பாருங்க, அடுக்குமாடி. அந்தப் பக்கம் எங்க வாரியக் குடியிருப்பு. நடுவில் பூங்கா. மாநகராட்சிப் பூங்கா, எல்லாருக்கும் பொது. வாசல் போர்டிலேயே போட்டிருக்கு. காலையில் அஞ்சிலிருந்து ஒன்பது, சாயந்திரம் நாலிலிருந்து எட்டு. நடுவில் பராமரிப்பு நேரம்.

பராமரிப்புன்னா நான்தான். விடியறதுக்கு முன்னாடி எழுந்து வந்து கேட்டைத் திறக்கிறேன். நடக்கிறவங்க எல்லாம் போனதும் பூட்டிட்டு, உள்ளேயே ஒரு சுத்து பார்த்துட்டு, அந்தப் புங்க மரத்து மேடையில் துண்டைத் தலைக்கு வெச்சுச் சாய்வேன். கண் மூடியிருக்கும், காது திறந்திருக்கும். அதுக்குப் பேர் தூக்கம் இல்லை தம்பி. அதுவும் காவல்தான்.

வீட்டுக்குப் போகலாமேன்னு கேட்பீங்க. வீடு எங்கே இருக்கு? ஒரே ரூம். மகன் ராத்திரி டாக்ஸி ஓட்டிட்டு வந்து குறுக்கால படுத்திருப்பான். அவன் படுத்தால் இன்னொரு ஆள் காலை நீட்ட இடம் இல்லை. பக்கத்து வீட்டில் டிவி, மேல் வீட்டில் தையல் மெஷின். மதியத்தில் ஒரு மனுஷன் கொஞ்ச நேரம் நிழலில் சாயணும்னா இந்த ஏரியாவிலேயே இந்த ஒரு மரம்தான்.

எங்க குடியிருப்புப் பொம்பளைங்க முக்கால்வாசிப் பேருக்கு அடுக்குமாடியில்தான் வேலை. பொழுது விடியறப்போ போவாங்க, பதினோரு மணி வாக்கில் வருவாங்க, மூணு மணிக்குத் திரும்பப் போவாங்க. நடுவில் மாடிப்படியில் உட்கார்ந்திருப்பாங்க, படிக்கு ஒருத்தியா. வீட்டுக்குள்ளே போனால் தூங்குற புருஷன் கத்துவான். மாடிப்படியில் என்ன குறைச்சல்? நல்லாக் காத்து வரும். அந்தப் படி ஜன்னலில் நின்னால் நம்ம பூங்கா பூராவும் தெரியும். பார்த்துக்கிட்டு இருக்கலாம். பார்க்க வேண்டாம்னு யாராவது சொன்னாங்களா?

அதில் ஒருத்தி நாகபூஷணம். அதோ, எட்டுப் போட்ட பாதையில் பச்சைச் சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டுச் சுத்துறாளே, அவதான். திரும்பிப் பார்க்காதீங்க, கண்ணு கூர்மை அவளுக்கு. எங்க பிளாக் மூணாவது மாடி. புருஷன் இல்லை. செக்ரட்டரி சார் வீட்டோடு சேர்த்து நாலு வீட்டு வேலை. சுகர் ஜாஸ்தி. பெரியாஸ்பத்திரியில் கால்விரல் ஒண்ணை எடுத்துட்டாங்க. தினமும் சமதரையில் நடக்கணும், இல்லைன்னா விரலோடு நிக்காது, பாதமே போயிடும்னு டாக்டர் சொல்லி அனுப்பினார்.

நடந்தாள். எங்கே நடப்பாள்? பிளாக் வாசலில் தண்ணிக் குடமும் பைக்கும். ரோட்டில் நடந்தாள், ஒருத்தன் பைக்கில் இடிச்சுட்டுப் போனான். அதுக்கப்புறம்தான் ஒரு மதியம் நம்ம கேட்டுக்கு வந்து கம்பியைத் தட்டினாள்.

"அண்ணே, இந்த எட்டுல கொஞ்ச நேரம் சுத்திட்டுப் போயிடறேன். காலு போயிடும்ங்கறாரு டாக்டரு."

"காலையில வாயேன்."

"காலைல செக்ரட்டரி வூட்டுப் பாத்திரத்த யாரு தேய்க்கிறது, நீயா?"

சாயந்திரம் வரச் சொன்னேன். சாயந்திர வேலை முடியவே எட்டு மணி ஆகுதுன்னாள். அதுக்கு நான் என்ன செய்யட்டும்? ரூல்னு ஒண்ணு இருக்கு, என்னால் ஒண்ணும் பண்ண முடியாதுன்னு சொன்னேன்.

கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து என்னை நல்லாப் பார்த்தாள். "ஏண்ணே, ரூலு இவ்ளோ நேரம் எங்க படுத்திருந்திச்சு? கன்னத்துல துண்டு வரி வரியா பதிஞ்சிருக்குதே."

இப்படிப் பேசுறவளுக்கு எவனாவது கதவைத் திறப்பானா? ஆனா நான் கல்நெஞ்சக்காரன் இல்லை தம்பி. வெயிலில் நின்னாளேன்னு கம்பி வழியா என் பாட்டிலைக் கொடுத்துத் தண்ணி குடிக்க வெச்சுத்தான் அனுப்பினேன். அதை யாரும் சொல்ல மாட்டாங்க.

அதுக்கப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை, இங்கே ஒரு விழா. பெண்கள் அனைவருக்கும் இலவச யோகா, தினமும் காலை ஆறு மணின்னு பேனர் கட்டி, கவுன்சிலர் வந்து விளக்கேத்தினார். செக்ரட்டரி சார் மாசக்கணக்கா அலைஞ்சு வாங்கின வகுப்பு அது. சங்கத்து ஆளுங்க எல்லாம் வெள்ளை டி-சர்ட்டில் முன்வரிசை. எங்க குடியிருப்புப் பொம்பளைங்களும் வேலை முடிச்சு வந்து பின்னால் நின்னாங்க.

கவுன்சிலர் பேசி முடிச்சதும், குறை ஏதாவது உண்டான்னு சும்மா ஒரு வார்த்தை கேட்டார். அப்படிக் கேட்கிறது அவங்க வழக்கம், பதில் சொல்லக் கூடாது. இவள் சொன்னாள். பின்னால் இருந்து கையைத் தூக்கி, மதியத்தில் கொஞ்ச நேரம் திறந்து விட்டால் எங்களுக்கும் நடக்க வசதியா இருக்கும்னாள். கவுன்சிலர் செக்ரட்டரியைப் பார்த்தார். செக்ரட்டரி மைக்கை வாங்கினார்.

அழகாப் பேசுவார் சார். மதியம் பராமரிப்பு நேரம், அப்போ திறந்தால் கண்ட கண்ட ஆளுங்க வந்து படுப்பாங்க, பூங்காவோட தரம் போயிடும்னு விளக்கமா எடுத்துச் சொன்னார். கடைசியா இவங்களைப் பார்த்து, "காலையில வாங்களேன், யாரு உங்களைத் தடுத்தா? வகுப்பு எல்லாருக்கும்தான். உடம்பைப் பாத்துக்கணும்னு மனசு இருந்தா நேரம் தானா கிடைக்கும். நாளைக்கே வாங்க" அப்படின்னார்.

எல்லாரும் கை தட்டினாங்க. நானும் தட்டினேன். நாகபூஷணமும் தட்டினாள். மத்தவங்க நிறுத்தின பிறகும் தட்டிக்கிட்டு இருந்தாள். அப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்.

மறுநாள் திங்கட்கிழமை. கேட்டைத் திறந்து வெச்சு, வாசலுக்குத் தண்ணி தெளிச்சுக்கிட்டு இருக்கேன். ஆறு மணி ஆகப் போகுது. வாரியக் குடியிருப்புப் பக்கமிருந்து கூட்டமா வர்றாங்க. எல்லாம் நைட்டி, மேலே ஒரு துண்டு, கொண்டை. கையில் கோரைப்பாய், பழைய போர்வை, ஒருத்தி அரிசிச் சாக்கைக் கிழிச்சு எடுத்துக்கிட்டு வர்றாள். முன்னால் நாகபூஷணம். நடுவில் என் மருமகள் கஸ்தூரி.

"எங்கம்மா போற? வேலைக்கு நேரமாகலையா?"ன்னு கேட்டேன்.

"செக்ரட்டரி சார் வரச் சொல்லியிருக்காரு மாமா"ன்னுட்டுப் போறாள். மாமனார்ங்கிற பயமே இல்லை.

யோகா சொல்லித் தர்ற டீச்சர் சின்னப் பொண்ணு. அதுக்கு வாயெல்லாம் பல். பத்துப் பேர் வந்தாலே பெரிசுன்னு நினைச்சு வந்திருக்கும். இவ்வளவு கூட்டம். நாகபூஷணத்துக்குக் கால் மடக்க முடியாதுன்னு தெரிஞ்சதும் என் நாற்காலியைக் கேட்டு வாங்கி அவளுக்குப் போட்டது. என் நாற்காலி.

அப்புறம்தான் அடுக்குமாடி அம்மாங்க கலர் கலரா மெத்தையைச் சுருட்டிக்கிட்டு இறங்கி வந்தாங்க. இடம் இருந்தால்தானே? சந்து பொந்தில் விரிச்சாங்க. செக்ரட்டரி வீட்டம்மாவுக்குக் கிடைச்சது நாகபூஷணத்துக்குப் பக்கத்து இடம். அந்தம்மா திகைச்சுப் போய், நாகு, நீ எங்கே இங்கே, பால் காய்ச்சலையான்னு குனிஞ்சு கேட்குது.

இவள் கண்ணைத் திறக்காமலே, "மூச்ச உள்ள இழுத்துப் புடிக்கச் சொல்லியிருக்காங்கம்மா, பேசக் கூடாது"ங்கிறாள்.

முடிக்கிறப்போ எல்லாரும் பொணம் மாதிரி மல்லாந்து படுக்கணுமாம். படுத்தாங்க பாருங்க. பாத்திரம் தேய்க்கிறவளும் பாத்திரத்துக்குச் சொந்தக்காரியும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே வானத்தைப் பார்த்துக்கிட்டு. மேலே பால்கனியில் ஆம்பளைங்க பனியனோடு நிக்கிறாங்க. ஒருத்தர் காலி டிபன் டப்பாவைத் தூக்கித் தூக்கிக் காட்டுறார். எந்தம்மாவுக்குக் காட்டுறாரோ, எல்லாருக்கும் கண் மூடியிருக்கு.

வகுப்பு முடிஞ்சதும் ஓடுவாங்கன்னு பார்த்தேன். ஓடலை. யோகா பண்ணி அரை மணி நேரத்துக்குக் கனமான வேலை எதுவும் செய்யக் கூடாதுன்னு டீச்சர் சொன்னதாம். அதனால் மெதுவா வீட்டுக்குப் போய்க் குளிச்சு, டீ குடிச்சு, அப்புறம்தான் வேலைக்குப் போனாங்க. அதுக்குள்ளே ஸ்கூல் வேன் வந்து ஹாரன் அடிச்சுட்டுப் போயிடுச்சு. கதவுக்குக் கதவு பால் பாக்கெட் தொங்குது. செக்ரட்டரி சார் அன்னிக்கு நடக்கவே வரலை. வீட்டில் வேலை இருந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமையும் வந்தாங்க. புதன்கிழமை இன்னும் நாலு பேர் கூட. என் மனசு கேட்கலை. சார்கிட்டே தனியாப் போய், நான் வேணும்னா கேட்டில் நிறுத்திடட்டுமான்னு கேட்டேன். எவ்வளவு பெரிய மனுஷன், என்கிட்டே எரிஞ்சு விழுந்தார். எப்படிய்யா நிறுத்துவே, கவுன்சிலர் போட்டோ பேப்பர்ல வந்துடுச்சே, வார்டுலயே பெரிய வகுப்புன்னு போட்டிருக்கானேன்னார். பாவம், தூக்கம் இல்லாத முகம். தூக்கம் இல்லைன்னா மனுஷனுக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

வியாழக்கிழமை கஸ்தூரி அழுதுகிட்டு வந்தாள். அவள் வேலை பார்க்கிற வீட்டில், இனிமே ஆறு மணிக்கு வர்றதா இருந்தால் வா, இல்லைன்னா வேற ஆள் பார்த்துக்கிறோம்னு சொல்லிட்டாங்களாம். நான் அன்னிக்கே சொன்னேனேன்னு ஆரம்பிச்சேன். அதுக்குள்ளே மாடிப்படியிலிருந்து நாகபூஷணம் குரல் கொடுக்கிறாள்.

"ஆளு பாக்கட்டும்டி. நல்லாப் பாக்கட்டும். அவங்க தேடுற ஆளும் காலைல ஆறு மணிக்கு அங்கதான் மல்லாந்து கெடப்பா."

மாடிப்படி பூராவும் சிரிப்பு. கஸ்தூரி அழுதுகிட்டே சிரிக்கிறாள். நான் மட்டும்தான் சிரிக்கலை. குடும்பக் கஷ்டம் எனக்குத்தானே தெரியும்.

ஆனா நாகபூஷணமும் பயந்துதான் இருந்தாள் தம்பி, அதையும் சொல்லிடறேன். அன்னிக்குச் சிரிச்சு முடிச்ச பிறகு படியில் தனியா உட்கார்ந்து கால்கட்டைப் பிரிச்சுப் பார்த்துக்கிட்டு இருந்தாள். நான் தண்ணி பிடிக்கப் போறப்போ பார்த்தேன். நாலு வீடும் போயிடுச்சுன்னா மருந்துக்கு எங்கே போவாள்? நானாயிருந்தால் அன்னிக்கே விட்டிருப்பேன். அவள் மறுநாள் முதல் ஆளா வந்து நிக்கிறாள்.

அந்த மறுநாள்தான் எல்லாம் முடிஞ்சது. செக்ரட்டரி சார் எட்டுப் பாதையில் வேகமா நடந்துக்கிட்டு இருந்தார். அவர் வீட்டம்மா யோகாவை விட்டுட்டு, அவர் பின்னாடியே நடக்குது. சார் வேகம் எடுத்தால் அதுவும் வேகம் எடுக்குது. எட்டுப் பாதையில் எங்கே தப்பிச்சு ஓடறது, சுத்திச் சுத்தி அங்கேயேதானே வரணும்? என் பக்கத்தில் வர்றப்போ காதில் விழுந்தது.

"மதியம் திறந்து விடச் சொல்லுங்க. இல்லேன்னா நாளையிலேருந்து நீங்க பாத்திரம் தேய்ங்க, நான் நடக்கிறேன்."

சார் நின்னுட்டார். அன்னிக்கே மாநகராட்சி ஆபீசுக்குப் போனார். மைக்கைப் பிடிச்சு முடியாதுன்னு சொன்ன விஷயம், அந்த வாரமே முடிஞ்சது. உழைக்கும் மகளிர் நேரம், மதியம் பன்னிரண்டிலிருந்து மூணுன்னு போர்டில் புதுசா ஒரு வரி எழுதினாங்க. ஆம்பளைங்களுக்கு அனுமதி இல்லை. ஓரமா இந்தப் பெஞ்சு மட்டும், நடந்து களைச்சு வர்றவங்களுக்காகக் கேட்டுக்கு வெளியே விட்டிருக்கு. நீங்க உட்கார்ந்திருக்கிறது அதில்தான்.

கவுன்சிலர் மறுபடி வந்தார். உழைக்கும் பெண்களை நினைச்சுப் பார்த்த உத்தமர்னு சொல்லி செக்ரட்டரி சாருக்குச் சால்வை போர்த்தினார். சாரும் தலை குனிஞ்சு வாங்கிக்கிட்டார். அவர்தானே அலைஞ்சார், அவருக்குத்தானே போர்த்தணும்? நாகபூஷணம் அன்னிக்கும் கை தட்டினாள்.

இதில் நான் எங்கே வர்றேன், சொல்லுங்க. சார் போகிறப்போ என் பக்கம் திரும்பி, "கோபால், மதியமும் நீயே பாத்துக்கோ"ன்னார். அவ்வளவுதான். விடியறதுக்கு முன்னாடி வந்தவன் ராத்திரி எட்டு வரைக்கும் கண்ணைத் திறந்துக்கிட்டே இருக்கணும். ஒரு மனுஷனுக்கு மதியத்தில் கொஞ்ச நேரம் நிழல் வேண்டாமா? இத்தனை பேர் கூடிப் பேசினாங்களே, கவுன்சிலர் பேசினார், அம்மாங்க பேசினாங்க, ஒருத்தருக்காவது அது தோணிச்சா? விடியற்காலையிலிருந்து உழைக்கிறவனுக்கு இடுப்பைச் சாய்க்க ஒரு இடம் வேணும்னு புரிஞ்சுக்க என்ன பெரிய படிப்பு வேணும்?

அங்கே பாருங்க, என் மரத்தடியை. ஒருத்தி முந்தானையை முகத்தில் போட்டுத் தூங்குறாள். ஒருத்தி இன்னொருத்திக்குப் பேன் பார்க்கிறாள். நாலு பேர் தாயம் ஆடுறாங்க. பூங்கான்னால் ஒரு மரியாதை வேண்டாமா? பட்டப்பகலில் படுத்துத் தூங்குறதுக்கா மாநகராட்சி பூங்கா கட்டி வெச்சிருக்கு?

சரி, அவள் செஞ்ச கடைசி வேலையைக் கேளுங்க. அதைக் கேட்டால் உங்களுக்கே கோபம் வரும்.

மதியம் திறந்த முதல் நாள். நான் கேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கேன். நேர் வெயில். நாகபூஷணம் ஆஸ்பத்திரியில் கொடுத்த மெத்துமெத்துன்னு இருக்கிற செருப்பை மாட்டிக்கிட்டு எட்டில் சுத்துறாள். நான் தூங்கலை. தலை கொஞ்சம் சாய்ஞ்சிருக்கலாம். சுத்துறதை நிறுத்திட்டு வந்து என் எதிரில் நிக்கிறாள்.

"எழுந்திருண்ணே. மரத்தடில எடம் போட்டிருக்குது, போய்ப் படு."

"டூட்டியில இருக்கேன்."

"கண்ண மூடிக்கினு பாக்கிற டூட்டிதானே. அங்க படுத்துக்கினு பாரு."

திரும்பிப் பார்த்தால், எல்லாரும் மேடையை விட்டு இறங்கி அந்தப் பக்கம் தள்ளி உட்கார்ந்திருக்காங்க. கஸ்தூரி பாய் விரிச்சு வெச்சுட்டு நிக்கிறாள். மருமகள் எதிரில் வாக்குவாதம் பண்ணினால் நல்லா இருக்காதேன்னுதான் எழுந்து போனேன். வேற ஒண்ணும் இல்லை. சாய்ஞ்சது தெரியும். எழுந்தப்போ மூணு மணி.

நடுவில் நடந்ததைக் கஸ்தூரி சொல்லித்தான் தெரியும். செக்ரட்டரி சார் வந்திருக்கார். மகளிர் நேரம் எப்படி நடக்குதுன்னு போட்டோ எடுத்துச் சங்கத்துக்கு அனுப்பணும்னு, செல்போனும் கையுமா, அந்த வெயிலில். எனக்கு முன்னாடி இருந்த அந்தக் கோபாலை ஏன் அனுப்பினாங்க தெரியுமா? டூட்டியில் தூங்கினான்னுதான். சார் கண்ணால் பார்த்து, அன்னிக்கே அனுப்பிட்டார்.

கேட்டில் இவள் உட்கார்ந்திருக்காள். என் நாற்காலியில். என் தொப்பியைத் தலையில் வெச்சுக்கிட்டு, கட்டுப் போட்ட காலைத் தூக்கி ஒரு செங்கல் மேல் வெச்சுக்கிட்டு. சாரைப் பார்த்து எழுந்திருக்கவும் இல்லையாம். அவர் வீட்டில் சம்பளம் வாங்குறவள். சார் உள்ளே வரப் போனால், காலை நகர்த்தாமல், மெதுவா சொல்லியிருக்காள்.

"விடியக்காலைலேருந்து வேல செஞ்சவங்க தூங்குறாங்க சார். நாலு மணிக்கு வாங்க."

எப்பேர்ப்பட்ட மனுஷன். அவர் சால்வை வாங்கித் திறந்து விட்ட பூங்கா. வாசலில் நின்னு உள்ளே எட்டிப் பார்த்தாராம், இவள் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி மறைச்சுக்கிட்டாளாம். அவர் திரும்பிப் போயிட்டார். என்னைப் பத்தி என்ன நினைச்சிருப்பார், சொல்லுங்க. என் கேட்டில், என் தொப்பியோடு, ஒரு பொம்பளை அவரை வெளியே நிறுத்திட்டாளே.

அதோடு விட்டாளா? அவர் தலை மறைஞ்சதும் எழுந்தாளாம். அந்தக் கேட்டு கீச்சுன்னு ஊரையே எழுப்பும், எனக்குத் தெரியும். நொண்டிக் காலோடு போய், ரெண்டு கையாலும் கேட்டைத் தரையிலிருந்து தூக்கிப் பிடிச்சு, துளி சத்தம் வராமல் சாத்தினாளாம்.